ஈயக்கோட்டு

கோடையில் கரிசல் காடு வாய் பிளந்து கிடக்கும். பருத்திமார் பிடுங்கிய புஞ்சையில் ஓடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நான் ஓடவில்லை, வேகமாக நடந்தேன் என்றுதான் இன்றுவரை சாதிக்கிறேன். வெடிப்புக்குள் கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. உடம்பு மட்டும் திரும்பி விழுந்தது. அப்போது எனக்கு எட்டு வயது.

கோவில்பட்டியில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "குச்சிய ஒடிச்சா குறுக்க ஒடியும். இது ஈரத்துணியப் பிழிஞ்ச மாதிரி. தொட எலும்பு முறுக்கிக்கிட்டு ஒடைஞ்சிருக்கு. மூணு வாரம் படுக்கை. மூணு மாசம் போனாத்தான் ஓடலாம்."

காலில் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டிலின் கடைசியில் எடையைத் தொங்கவிட்டார்கள். நான் இறங்க முடியாததால் எக்ஸ்ரே மெஷினே சக்கரத்தில் என்னைத் தேடி வரும். அது உருளும் சத்தம் கேட்டாலே போதும். எலும்பு வெந்துவிடுமோ, முடி கொட்டிவிடுமோ என்று கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொள்வேன்.

கூட இருந்து பார்த்துக்கொண்டது சித்தி, சித்தப்பாவின் மனைவி. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளையில்லை. அந்த ஏழு வருஷமும் என்னைத் தூக்கித் திரிந்ததிலேயே போயிற்று. அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து மத்தியானம் சோற்றுத்தூக்கோடு வருவாள்.

அந்த வாரம் சித்தி ஒரு மாதிரியாக இருந்தாள். படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். தண்ணீர்க் குடத்தை அம்மாவைத் தூக்கச் சொன்னாள். "மகாராணிக்கு இடுப்பு நோவுதாக்கும்" என்றாள் அம்மா. சித்தி சிரித்தாள்.

எக்ஸ்ரே அண்ணாச்சி வந்து தன் வழக்கமான பாட்டைப் பாடினார். "மாசமா இருக்கவிய யாரும் இருந்தா வெளிய போயிருங்க. மத்தவிய செவரோரம் தள்ளி நில்லுங்க. ஒரு ஆளு மட்டும் கோட்டப் போட்டுக்கிட்டு பிளேட்டப் புடிக்கணும்."

"அது மேல பட்டா என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒன்னும் செய்யாது தாயி. ஒனக்கு எப்பவாச்சும் ஒரு தடவ. எனக்கு இதே பொழப்பு, அதான் தள்ளி நிக்கேன். வயித்துப்பிள்ளைக்குத்தான் ஆகாது."

ஈயக்கோட்டைச் சித்தியிடம் நீட்டினார். வாங்கப் போன கை பாதியில் நின்றது. "அக்கா, நீங்க புடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். கதவோடு நிற்கவில்லை, படியிறங்கி, தெருவாசல் வரை போய்விட்டாள்.

கோட்டுக்குள் நுழைந்துகொண்டே அம்மா சொன்னாள்: "தூக்கித் திரிஞ்சா ஆச்சா? சமயத்துக்குப் பெத்தவதான் புடிக்கணும்." நான் அழுது ஆடியதில் படம் கலங்கிப்போய், மறுபடி ஒன்று எடுத்தார்கள்.

சித்தி திரும்பி வந்ததும் கேட்டேன். "நீ என்னப் பெத்திருந்தா ஓடிருப்பியா?"

அவளுக்குக் கோபமே வரவில்லை. போர்வையைச் சரிசெய்தாள். குனிந்து காதுக்குள், "மூணு மாசம் போகட்டும் கண்ணு. ஒனக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்" என்றாள். டாக்டர் சொன்ன அதே மூன்று மாதம். கால் சரியான பிறகு சொல்வாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சித்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. என் பேச்சு நன்றாகத் தைத்துவிட்டது என்று முதலில் திருப்தியாக இருந்தது. மூன்றாம் நாள், இனி வரவே மாட்டாளோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் கேட்டால், "மேலுக்குச் சரியில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறாம் நாள் வந்தாள், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு. அம்மா ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்தாள். "ஏட்டி, குடு இங்கன."

சித்தி விடவில்லை. "இருக்கட்டும்க்கா. இனி என்ன."

அன்றைக்கும் மெஷின் உருண்டு வந்தது. அண்ணாச்சி பாட்டை முடிப்பதற்குள் சித்தி ஈயக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது கழுத்திலிருந்து முழங்கால் வரை கனத்துத் தொங்கியது. பிளேட்டை என் தொடையோரம் ஆடாமல் பிடித்தாள். அம்மா எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்திக்கு இப்பப் பயமில்ல" என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"பயமெல்லாம் போயிட்டு கண்ணு" என்றாள் சித்தி. படம் ஒரே தடவையில் சுத்தமாக விழுந்தது.

மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. அத்தனை நாள் விட்டுப்போன பள்ளிக்கூடம்தான் பிறகு எனக்குச் சரியாகக் கூடிவரவில்லை. ஓடலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே சித்தியிடம் ஓடினேன். ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால், கேட்டு முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது.

"மொதல்ல எங்கிட்டதான் சொல்லுதேன்னியே, என்னது?"

சித்தி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. "என்னமோ சொல்ல நெனச்சேன். மறந்துபோச்சு" என்றாள்.

இவ்வளவு பெரிய மனுஷிக்கு இப்படி ஒரு மறதியா என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.