பூசைக்கு முன் அவிழ்த்த கட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில், தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு தை மாத ஞாயிறு. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த நான், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பாஸ்கெட்பால் ஆடுவேன். எகிறினால் பந்தைக் கூடைக்குள் போடாமல் இறங்க மாட்டேன் என்று எனக்கு ஒரு திமிரே உண்டு. திருச்சி ஜில்லா அணிக்கும் தேர்வாகியிருந்தேன்.

அந்த வாரம் பயிற்சியில் எகிறி இறங்கியபோது வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே 'படக்' என்று ஒரு சத்தம். கால் பூசணிக்காயாக வீங்கிவிட, வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டுப் போட வந்தவர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, "ஒரு மாசம் காலை மடக்கக் கூடாதும்மா. மடக்குனா ஆட்டத்த மறந்துட வேண்டியதுதான்" என்றார். அசையாமல் கிடந்தேன். எனக்கு அந்தக் கால்தான் எல்லாம்.

ஆனால் அந்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் மாதா கோயில் பூசைக்கு வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்து பேசும் முன் பெண்ணைக் கோயிலில்தான் பார்ப்பார்கள். நன்மை வாங்க, அதாவது சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க, அவள் நடந்துபோவதையும், முழந்தாளிட்டு எழுவதையும் கவனிப்பார்கள். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அதற்குமுன் மூன்று ஞாயிறு கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்தாக வேண்டும். தள்ளிப்போட வழியில்லை.

காலையில் அம்மா பத்தையை உருவிவிட்டுக் கட்டை அவிழ்த்தாள். "ஒரு பூசை நேரந்தான்டி. பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

"வேணாம்மா, என் காலு போயிடும்மா" என்று அழுதேன்.

"நொண்டின்னு பேராயிட்டா ஒன் வாழ்க்கையே போயிடும்டி" என்று அவளும் அழுதாள்.

எப்படியோ நடந்துவிட்டேன். பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருந்த கிராதியில் முழந்தாளிட்டதும் முழங்காலுக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. நன்மை வாங்கினேன், எழ முடியவில்லை. இரு பக்கமும் இருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். நான் உருகி ஜெபிக்கிறேன் என்று ஊர் நினைக்கட்டும் என்பதுபோல் என் முக்காட்டைச் சரிசெய்தபடி, "எந்திரிடி, எந்திரிடி" என்று கிசுகிசுத்தாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வந்தார். சேலைக்கு மேலேயே என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தவர், "புள்ளைக்குக் காலு இப்படி வீங்கிக் கெடக்கு, மண்டி போட வச்சிருக்கீங்களே!" என்று அம்மாவை அதட்டினார். என்னைத் தாங்கி வெளியே கூட்டிவந்து, மரத்தடியில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் நீட்டிவைத்துக்கொண்டார். அப்பா ஓடிவந்து அவரைக் கும்பிட்டு நின்றபோதுதான் அவர் மாப்பிள்ளையின் தாய் என்று தெரிந்தது.

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. ஜில்லா அணியில் என் இடத்தில் வேறொருத்தி ஆடினாள். அந்தக் கால் இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை. என்னை வேண்டாம் என்று விட்டுப் போனவர்தான் அந்த அம்மாள். ஆனால் அன்று அத்தனை பேர் இருந்த கோயிலில், எனக்கு வலிக்கிறது என்பதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கும்போது இப்போதும் நெஞ்சை அறுக்கிறது.