முந்தாமல் வந்த ஐந்து சைக்கிள்கள்

எழுபதுகளின் கடைசி. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், ஞாயிறு காலையில் நாங்கள் ஆறு பேர் சைக்கிளில் ஐந்தருவிக்குப் போவோம். குளியலைவிட எங்களுக்குப் பெரிது, திரும்பும்போது வரும் இறக்கம்தான். பிரேக்கைத் தொடாமல் இறங்க வேண்டும். தொட்டவர் பாடு அன்று முழுக்கக் கேலிதான்.

எங்களில் ஒருவர் தையல்காரர். ஒரு சாரல் நாளில் அந்த இறக்கத்தில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். கை சரியாகி வந்தவர், பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினார். 'கட்டைவண்டி' என்று பெயர் வைத்தேன். ஆமாம், வைத்தது நான்தான். இரண்டு வாரம் சிரித்துக்கொண்டே வந்தார், பிறகு வரவில்லை. ஏன் என்று யாரும் போய்க் கேட்கவுமில்லை.

அடுத்த சீசனில், ஈர இலையில் சக்கரம் வழுக்கி நான் விழுந்தேன். தோளெலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும், பெடலில் கால் வைத்ததுமே இறங்கிவிடுவேன். இனி சைக்கிளே கிடையாது என்று நினைத்துவிட்டேன். கடைக்கு நடந்தே போனேன். கேட்டவர்களிடம் டியூப் பஞ்சர் என்பேன். ஒரு மாதமாக அதே பஞ்சர்!

ஒருநாள் வழியில் தையல்காரர் நிறுத்தினார்.

"பஞ்சரா, பயமா?"

நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

"எனக்கும் போன வருசம் மூணு மாசம் பஞ்சராத்தான் இருந்துச்சு, அண்ணாச்சி."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்த ஞாயிறு, மற்ற நாலு பேரையும் அவரே கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் ஏறும்வரை சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டியும் தள்ளியும் ஐந்தருவி போய்ச் சேர்ந்தோம். குளித்துவிட்டு இறக்கத்துக்கு வந்ததும் எல்லாரையும் நிறுத்தினார்.

"இன்னைக்கு அண்ணாச்சிதான் முன்னால. ஒருத்தரும் முந்தப்பிடாது, கேட்டியளா."

பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். என் பின்னால் ஐந்து சைக்கிளும் கிரீச், கிரீச்சென்று பிரேக் பிடித்தபடி வந்தன. அருவிக்கு நடந்து போனவர்கள் நின்று சிரித்தார்கள். அவர்களோடு நாங்களும் சிரித்தோம். கீழே வந்து சேர்ந்ததும், ஒரு வருடத்துக்குப் பிறகு, அவரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதன்பின் எங்களில் யார் விழுந்து எழுந்து வந்தாலும், அன்று விழுந்தவர்தான் முன்னால் போவார். இப்போதும் தெருவில் ஏதாவது சைக்கிள் கிரீச்சிட்டால், எனக்காகத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்ட அந்த ஐந்து பேர் பின்னால் வருவதுபோல் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.