கேட்காமலே வந்த பதில்

நார்வேயில் எங்கள் மேற்குக் கரை ஆண்பிள்ளைகளின் வாயிலிருந்து பாசமாக ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். ஆர்ன்ஃபின் மட்டும் என்ன விதிவிலக்கா? தச்சு வேலைக்காரன், கை ஓடும், வாய் ஓடாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கன்வோரை அவன் கேட்ட லட்சணம், "வீட்டுக்குக் கூரை போட்டாச்சு" என்ற ஒரே வரி. அதையும் புரிந்துகொண்டு சரி என்றாளே, அவளைச் சொல்லவேண்டும்.

ஆனால் சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியைத் தள்ளி எழுந்து, அவள் முகத்தைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு நன்றி" என்று சொல்லாமல் அவன் ஒரு நாளும் மேசையைவிட்டு நகர்ந்ததில்லை. நார்வேயில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பேசப் பழகும் பிள்ளைகூடச் சொல்லும். சமைத்தவர் "உடம்புல ஒட்டட்டும்" என்று பதில் சொல்வார். மற்ற வீடுகளில் அது பாதி முணுமுணுப்பிலேயே போய்விடும். ஆர்ன்ஃபின் நின்று, நிதானமாகச் சொல்வான்.

ஒருமுறை அவளைக் கேட்காமல் ஓட்டைப் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கன்வோர் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டில் கேட்டது இந்த இரண்டு வாக்கியங்கள் மட்டுமே. எவ்வளவு கோபம் இருந்தாலும் நன்றிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாதே! கடைசியில் அவன், "சாப்பாட்டுக்கு நன்றி. மீன் நல்லா இருந்துச்சு" என்றான். கூடுதலாக விழுந்த அந்த மூன்று வார்த்தையில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை தீர்ந்தது.

கன்வோர் படகுத்துறைச் சிற்றுண்டிக் கடையில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க வாஃபிள் சுட்டுப் போடுவாள். வாங்கிய கூட்டம் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே படகைப் பிடிக்க ஓடும். அதெல்லாம் அவள் காதில் நின்றதே இல்லை. வீட்டில் கேட்டது மட்டும் நின்றது.

போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் ஆர்ன்ஃபின் படகுக் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதையாவது சட்டியில் சூடு பண்ணி, அடுப்படியில் நின்றபடியே விழுங்கிவிடுவாள். உட்கார்ந்தால் கண் எதிர் நாற்காலிக்குப் போகிறது. வயிறு எப்படியோ நிறைந்துவிடும். காதுதான் பட்டினி கிடந்தது.

முந்தின இரண்டு கிறிஸ்துமஸுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தவள், இந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் வீட்டில், தன் கையால் சமைப்பது. மகன் எய்வினையும் அவன் மனைவி சுன்னிவாவையும் வரச்சொல்வது. எய்வினுக்கு அப்படியே அப்பன் குரல். அவன் எழுந்து நின்று அதைச் சொல்லவேண்டும், அவள் கேட்கவேண்டும். வேறு எந்தப் பரிசும் அவளுக்கு வேண்டாம். அதற்குள் பெர்கன் நகரத்திலிருந்து அவனே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அம்மா, இந்தத் தடவை நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது. இங்க வந்துடு. நான் சமைக்கிறேன்."

"நீயா? முட்டை அவிக்கத் தெரியாத நீயா?"

"அதெல்லாம் கத்துக்கிட்டேன். உனக்கும் ஓய்வு வேணும்ல?"

"ஓய்வைச் செத்தப்புறம் எடுத்துக்கிறேன்டா. எல்லாரும் அதைத்தானே பண்றாங்க."

என்ன சொல்லியும் அவன் மசியவில்லை. தான் ஆசைப்பட்டது என்ன என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கம். அவளும் அதே கரையில் பிறந்தவள்தானே! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படகேறினாள்.

அங்கே அடுப்பில், பிர்ச் மரக் குச்சிகளைப் பரப்பிய பானைக்குள் உப்புக்கண்ட ஆட்டு விலா ஆவியில் வெந்துகொண்டிருந்தது. மூடியைத் திறக்கப் போனவளைச் சுன்னிவா மறித்தாள்.

"கன்வோர், நீங்க இன்னைக்கு விருந்தாளி. கையை வச்சீங்க, அடுத்த படகுல ஏத்தி விட்டுடுவேன்."

"ஏத்தி விடு தாயே, புண்ணியமாப் போகும்." பிறகு மகனைப் பார்த்து, "கறியை எப்போ தண்ணியில போட்ட?" என்றாள்.

"காலையில."

"காலையிலயா? உப்பு இறங்க நேத்தே ஊறப் போட்டிருக்கணும்டா! கடலையே குடிக்கப் போறோம்."

மாலை ஐந்துக்குத் தேவாலய மணி அடித்தது. உட்கார்ந்தார்கள். கடலைத்தான் குடித்தார்கள். மூவரும் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். எய்வினுக்குக் காது சிவந்துபோயிற்று. ஆனால் மஞ்சள் டர்னிப் மசியல் அருமை. வெண்ணெயும் ஜாதிக்காயும் அளவாக விழுந்திருந்தன. கன்வோர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உட்கார்ந்து, வயிறார.

சாப்பிட்டு முடித்ததும் சுன்னிவா எழுந்தாள். கணவனைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு நன்றி" என்றாள். பிறகு இருவரும் கன்வோரைப் பார்த்தார்கள். அவளும் நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

"உடம்புல ஒட்டட்டும்."

சுன்னிவா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ கன்வோர், அது எய்வின் சொல்ல வேண்டியது! நீங்க சமைக்கவே இல்லையே!"

எய்வின் சிரிக்கவில்லை. "யாருக்கும்மா சொன்ன?" என்றான்.

"உங்கப்பாவுக்குத்தான். வேற யாரு எனக்கு நன்றி சொல்லிட்டு எழுந்திருப்பாங்க?"

"அவர் சொன்னது கேட்டுச்சா?"

"கேக்கலடா." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவர் போனதுல இருந்து கேக்கவே இல்ல. பதில் மட்டும் தானா வருது."

சுன்னிவாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. எய்வின் மேசையைச் சுற்றி வந்து அம்மாவின் தோளில் கைவைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து இறக்கி, எதிரே நிற்க வைத்தாள். முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு ஜாஸ்தி. இருந்தாலும், சாப்பாட்டுக்கு நன்றிடா."

கல்யாணமானதிலிருந்து எல்லாச் சாப்பாட்டையும் தானே சமைத்து, தன் மேசையில் பதில் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். நன்றி சொல்கிறவனுக்கு நெஞ்சுக்குள் என்ன ஓடும் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கூரை போட்டவன் சொல்லாமல் விட்ட அத்தனையும் அதற்குள்தான் இருந்திருக்கிறது.

"உடம்புல..." என்று தொடங்கிய எய்வின் பாதியிலேயே விட்டுவிட்டான். அம்மா அவனுக்கு இதுவரை நன்றி சொன்னதில்லையே, பழக்கம் எங்கிருந்து வரும்? அழுதுகொண்டு நின்றான்.

"ஒரு நாளாவது உங்கப்பாவை அடுப்படிக்குள்ள விட்டிருக்கலாம்டா," என்றாள் கன்வோர். "கருக்கி வச்சிருந்தாலும் சரி. நானும் ஒரு தடவை சொல்லியிருப்பேன்."