இரண்டு இடத்திலும் அழிந்த படம்

எக்ஸ்ரே அறைக்குள் போன கண்ணாயி அம்மாவுக்குக் குளிரிலும் பயத்திலும் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. கிளியூரிலிருந்து வந்த வயசாளி. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். ஹரிஹரன் தம்பி கதவைப் பாதி திறந்து, "மிஷின்ல தண்ணி கசிஞ்சிருச்சுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த மாப்பை வாங்கித் தானே துடைத்தார். அந்த அம்மாவுக்கு மாற்றிக்கொள்ள ஒரு துணியும் தேடிக் கொடுத்தார். பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏற்காட்டில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது. நான் அங்கே கூட்டித் துடைக்கிறேன். ஹரிஹரன் சேலத்துக்காரர், சின்ன வயசு. எக்ஸ்ரே எடுப்பதும் அவர்தான், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். என்னை அக்கா என்பார். எனக்கு அவர் தம்பி.

எடுத்த படங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். இடம் போதாமல் போனால் பழைய படங்களை அதிலிருந்து எடுத்துவிடுவார். ஆனாலும் அவை தொலைந்துபோகாது. பேக்கப் என்று நகல் எடுத்து இரண்டு இடத்தில் வைத்திருந்தார். ஒன்று ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கும் டிஸ்க்கில், இன்னொன்று சேலத்தில் டிரஸ்ட் ஆபீசில். நகல் எடுக்கிற புரோகிராமுக்கு ஒவ்வொரு தடவையும் எந்த இடம், என்ன பாஸ்வேர்டு என்று நீளமாக அடித்துக் கொடுக்க வேண்டுமாம். அதனால் அதையெல்லாம் ஒரே செட்டிங் ஃபைலில் எழுதிவைத்து, அதைப் படிக்கிற வேறொரு புரோகிராமை மேலே உட்கார வைத்திருந்தார். இவர் மேலே இருப்பதிடம் கட்டளையை மட்டும் சொன்னால், அது மற்றதையெல்லாம் சேர்த்துக் கீழே இருப்பதிடம் சொல்லிவிடும்.

இதெல்லாம் நான் கேட்டு அவர் சொன்னதுதான்.

"எஸ்டேட்டுல ரைட்டர் இருக்காரில்லீங்கக்கா, அந்த மாதிரி. ஓனர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ரைட்டரு எல்லாப் பக்கமும் போயி ஆளுங்ககிட்டச் சொல்லிருவாரு."

"அப்ப நீங்கதான் ஓனருங்களா?"

"சம்பளம் வாங்குற ஓனருங்கக்கா" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் சின்னன் எஸ்டேட்டில் சவுக்கு மரம் ஏறிக் கிளை கழிக்கிறவர், மிளகு பறிக்கிறவர். மழைக்குப் பிறகு இருமல் நிற்கவே இல்லை. படம் எடுக்கக் கூட்டிவந்தேன்.

"ஏனுங்க தம்பி, எந்நெஞ்சுக்குள்ள என்னதான் தெரியுது? ராணி குந்தியிருக்காளா?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார்.

"அக்காவக் காணோமுங்கண்ணா. பீடிப் பொகதான் தெரியுது."

படத்தைப் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. நுரையீரலில் ஒரு புள்ளி இருந்தது. "போன தடவை எடுத்த படத்துலயும் இதே அளவு இருந்திருந்தா பழைய தழும்புதான், விட்டுடலாம். இல்லைன்னா சேலத்துக்குப் போய் நெஞ்சுல ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்" என்றார். போன தடவை இதே ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்த பிலிம் எங்கள் வீட்டில் ஓடு ஒழுகி ஒட்டிப்போய்விட்டது. அப்போது பார்த்த டாக்டர் சீட்டில் சளி என்று மட்டும்தான் எழுதியிருந்தார்.

ஹரிஹரனிடம் ஓடினேன். "பழைய படந்தானுங்கக்கா? பேக்கப்புல இருக்கும், எடுத்துத் தர்றேன், பயப்படாதீங்க" என்று உட்கார்ந்தார். அடித்தார். மறுபடி அடித்தார். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மிஷின் கெட்டுப்போச்சுங்களா தம்பி?" என்று நானே கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். டாக்டரம்மாவும் நம்பியிருப்பார்.

"மிஷின் இல்லீங்கக்கா. நாந்தான்." கொஞ்ச நாளைக்கு முன் அலமாரி டிஸ்க் நிறைந்துபோனதால் அதிலிருந்த பழைய நகல்களை மட்டும் அழிக்கப் போயிருக்கிறார். சேலத்தில் இன்னொன்று பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம். எந்த இடத்தில் என்று பேர் சொல்லாமல் மேலே இருந்த புரோகிராமிடம் அழிக்கச் சொல்லிவிட்டார். பேர் சொல்லாவிட்டால், செட்டிங்கில் எழுதியிருக்கிற எல்லா இடத்துக்கும் சொல்வதுதான் அதன் வழக்கம். இரண்டு இடத்திலும் அழித்துவிட்டது. "சொன்ன வேலையத்தான் அது செஞ்சிருக்குதுங்க" என்றார்.

அவரே எழுந்து போய் டாக்டரம்மாவிடம் சொன்னார். டிரஸ்ட்காரர்களிடமும் மறைக்கவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் சேலம் போனோம். ஊசி விட்ட இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிட்டது. விலாவில் குழாய் போட்டார்கள். அதில் சீழ் பிடித்தது. தரையில் பாய் விரித்து, சேர்வராயன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன். எடுத்த சதையின் ரிசல்ட் வந்தது. பழைய தழும்புதானாம். வேறு ஒன்றும் இல்லையாம். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் நல்ல சேதி என்றார்கள்.

சின்னன் இனி மரம் ஏற முடியாது. வாசலுக்குப் போய்வரவே நின்று நின்று மூச்சு வாங்குகிறார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால், சாமிக்கு முன்னால் அது பொய். ஆனால் கோபப்பட நினைக்கும்போதெல்லாம், "நாந்தான்" என்று சொன்ன அந்த முகம் வந்து நிற்கும். அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஹரிஹரன் தன் ஊருக்குப் போவதற்கு முன் ஒரு மத்தியானம் பைக்கில் வெள்ளக்கடையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரோடு தெரியாத பனி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வாங்க தம்பி. இன்னொரு படம் புடிக்கோணுமா?" என்றார் சின்னன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். ஹரிஹரனுக்குக் கொடுத்த காபி ஆறிப்போனது.

பைக் வரைக்கும் கூடப் போனேன். "நாளைக்குச் சேர்வராயன் கோயிலுக்குப் போறனுங்க. உங்க மேல இந்தப் பழி நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கறேன் தம்பி" என்றேன்.

வண்டியை உதைக்கப் போனவர் காலை எடுத்துவிட்டார்.

"வேண்டாங்கக்கா. எனக்குன்னு ஒண்ணும் கேக்காதீங்க. அண்ணனுக்கு மூச்ச மட்டும் கேளுங்க."