ஆறு மணி பஸ்ஸுக்காக ஒரு திருப்பதி படையெடுப்பு

தேசியப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றைத் திருத்திக் கொடுக்க என்னைப் போன்ற மேதையை நாடு இத்தனை காலம் அழைக்காதது நாட்டின் நஷ்டம். போன மாதம்தான் அந்தத் தவறு சரியானது. ஒரு கட்சி தன் கொள்கை வரைவை அச்சிட்டு, ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. யார் வேண்டுமானாலும் வரலாம், பதினொரு மணிக்குள் பெயர் கொடுத்தால் மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள்.

உண்மையில் பேசவேண்டியவள் என் தங்கை வசந்தா. திருத்தணியில் பிறந்து, எல்லை தாண்டி ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட். ஊருக்கு முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். அதனால் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் தினமும் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு ரயில் நிலையம் போய், அங்கிருந்து ரயிலில் போகிறார்கள். ஆட்டோ வராத இரண்டு நாள் வசந்தாவுக்குத் தாமதம். மூன்றாவது தடவை என்றால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்கு ஒரு பஸ், அதுதான் அவள் கேட்கப்போவது.

வரைவைப் புரட்டினேன். எடை ஒரு பெரிய பலாப்பழம் இருக்கும். விமானம், அதிவேக ரயில், துறைமுகம், எல்லாம் உண்டு. கிராமப் பேருந்துக்கு அரைப் பக்கம்.

“பொது வாகனத்தில்தான் போவோம். கொள்கையைக் கொள்கையாலேயே சோதிப்போம்!” என்று முழங்கினேன்.

“காரு இல்லாதவன் வேற எதுல போவான்ணா? பேசாம கெளம்பு” என்றாள் வசந்தா.

காலை 6.45க்கு அவள் ஊரிலிருந்து ஷேர் ஆட்டோ. நகரிக்கு ஏழு கிலோமீட்டர், தலைக்கு நாற்பது ரூபாய். பதினோரு பேர் இருந்தோம். என் இடது கால் ஆட்டோவுக்குள்ளும் வலது கால் ஏறக்குறைய கர்நாடகத்திலும் இருந்தது. எதிரே நகரி மூக்கு மலை, நான் வருவதை முகர்ந்து பார்த்ததுபோல நிமிர்ந்து நின்றது.

நகரியில் 7.20க்குத் தமிழ்நாட்டு பஸ் ஒன்று திருப்பதிக்குக் காலியாக வந்தது. வசந்தா ஏற மறுத்துவிட்டாள். “ஆந்திரா பஸ்சு வரும், இரு. பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. நான் இன்னும் ஒருவாட்டி கூட ஃப்ரீயா போனதில்ல.”

ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். 8.10க்கு அவள் கனவு பஸ் வந்தது. மகாராணி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டரிடம் ஆதாரை நீட்டினாள். அவர் அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார்.

“அம்மா, இதி தமிழ்நாடு அட்ரஸ் கதா? இந்த ஊரு கார்டு லேதா?”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். தாய்வீட்டு விலாசத்தை மாற்ற மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. எல்லையோர மருமகள்கள் பலருக்கும் இதே கதைதான். புருஷன் வீடு இந்தப் பக்கம், அட்டை அந்தப் பக்கம்.

“பன்னண்டு வருசமா இங்கதான் இருந்துக்கினு கீறேன் சார்!”

“நூவு இங்க உண்டாவு, கார்டு இங்க லேதே!” என்று அவர் சிரித்தபடியே எண்பது ரூபாய் டிக்கெட்டைக் கிழித்தார். பின் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். புத்தூர் தாண்டி வடமாலப்பேட்டை வரை அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

நகரியிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். 9.50க்குத் திருப்பதி. இன்னொரு ஆட்டோ, இருபது ரூபாய். 10.20க்கு மண்டபத்தில் பெயர் கொடுத்தோம். வெளியே நின்ற கார்களை வரிசையாக நிறுத்தினால் காளஹஸ்தி வரை போகும்.

ஒரு மணிக்கு வசந்தாவைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பார்த்ததும் எழுதிவந்த தாள் கையிலேயே கசங்கியது. தமிழும் தெலுங்கும் கலந்து பேச ஆரம்பித்தாள்.

“சார், காலைல ஃப்ரீ இல்லன்னுட்டாங்கோ. பரவால்ல, காசு குடுத்தே வந்தேன். தினம் வேணும்னாலும் குடுக்கறேன். குடுக்கறதுக்கு பஸ்சு வேணும்ல? ஆறு மணிக்கு எங்க ஊர்ல ஒரு பஸ்சு நின்னா ஆறு பேருக்கு வேலை கையில நிக்கும்.”

மேடையில் இருந்தவர், வரைவை எழுதிய குழுவில் ஒருவராம், மரியாதையாகத் தலையாட்டினார். “நல்ல கருத்தும்மா. எல்லாத்துக்கும் சேர்த்து நாலு மணிக்குப் பதில் சொல்றோம்.”

“அப்ப எனக்குப் பதில் வேணாம் சார்.”

“ஏம்மா?”

“நாலு மணிக்கு நான் இங்க இருந்தா வீட்டுக்குப் போவ முடியாது. எங்க ஊருக்குக் கடைசி பஸ்சு நகரியிலருந்து அஞ்சரைக்கு. மூணேகாலுக்கு இங்க கெளம்பணும்.”

முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு சத்யவேடு, குப்பம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் “எங்களுக்கும் அதே கதைதான்!” என்று எழுந்துவிட்டார்கள். எனக்குப் புல்லரித்த வேகத்தில் ஒரு காற்றாலையே ஓட்டியிருக்கலாம்.

மேடையிலிருந்தவர் வரைவோடு இறங்கி வந்தார். அந்த அரைப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, “இதை எந்தத் தலைப்புல சேர்க்கிறதுன்னு தெரியலம்மா” என்றார்.

“தலைப்ப நீங்க அப்புறம் தேடிக்கோங்க சார். வேலைக்குப் போவறதுக்கு முன்னாடி ஒரு பஸ்சு, வேலை முடிஞ்சப்புறம் ஒரு பஸ்சு. மொதல்ல அத எழுதுங்க.”

அவர் இங்கிலீஷில் எழுதினார், நான் எட்டிப் படித்தேன். வசந்தா பக்கத்திலேயே நின்று, படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள்.

எழுதியது அச்சாகுமா, அச்சானது பஸ்ஸாகுமா, எனக்குத் தெரியாது. நாளைக் காலையும் அவள் ஆட்டோவுக்குத்தான் நிற்பாள். இந்த வழியில் போகிறவர்களுக்கு என் அரசாணை: பெண்கள் ஆந்திர விலாசம் உள்ள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் எண்பது ரூபாய். புத்தூரில் பஸ் பத்து நிமிடம் நிற்கும், வடை துன்னுவதற்கு அது போதும். கிராமத்துக்குத் திரும்ப வேண்டுமானால் முதலில் கடைசி பஸ் நேரத்தைக் கேளுங்கள், பிறகு மற்றதெல்லாம்.

நாங்கள் 3.15 பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். ரேணிகுண்டா தாண்டியதும் வசந்தா கேட்டாள்: “அண்ணா, அவரு ‘ஆறு மணி’ன்னு எழுதினாரா, ‘காலையில’ன்னு எழுதினாரா?”

“காலையிலன்னு.”

“எங்க கூப்பிட்றது அவர? காலைன்னா எட்டு மணியும் காலைதான்” என்றாள். மண்டபத்தில் கொடுத்த துண்டுச்சீட்டிலிருந்த எண்ணுக்கு, நகரி வந்து சேரும்வரை விடாமல் போன் அடித்துக்கொண்டே வந்தாள்.