தலைவருக்கு ஒரு வாரம் லீவு

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, அதை விட்ட பிறகு நான் வேறொரு வேலையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துச் சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளுக்கு நிர்வாகம் சொல்லித்தருவது. எல்லாரும் நல்ல மனசோடு ஆரம்பித்தவர்கள்தான். ஆனால் வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, ஆள் மாறினாலும் காரியம் நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு.

அங்கே வந்தவர்களில் ஒருவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நடக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கு ஊர் ஊராக வேனில் போய் பிசியோதெரபி கொடுக்கும் அமைப்பின் தலைவர். சேத்தூரில் ஒரு மையம், தேவதானத்தில் ஒரு மையம். வகுப்பு முழுக்க அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கும். வேன் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதில் தொடங்கி, ஃபேனைப் போடலாமா என்பது வரை அவரைத்தான் கேட்டார்கள்.

“உங்களுக்குக் காய்ச்சல் வந்தா வேலைய யாரு பாத்துக்கிடுவா?” என்று கேட்டேன்.

“எனக்குக் காய்ச்சலெல்லாம் வராது மேடம்.”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

அடுத்த வாரம் ராஜபாளையத்தில் அவர் வீட்டு முன்னறையில் இருந்த அலுவலகத்துக்குப் போனேன். அவர் வழக்கம்போல் போனோடு வாசலுக்குப் போய்விட, அங்கே வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்னிடம் மனம் விட்டுப் பேசினாள். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்.

“அண்ணன் தங்கமான ஆளு மேடம். ஆனா இம்புட்டு வருசத்துல மையத்துச் சாவி ஒருநாளும் என் கைக்கு வந்ததில்ல. தேவதானத்துல காலையில தாய்மாரெல்லாம் காட்டு வேலைக்குப் போயிருதாவ. சாயங்காலம் வைப்போம்னு கேட்டுப் பாத்துட்டேன். இருட்டிரும்னு அண்ணன் சொல்லிட்டாவ.”

அவர் உள்ளே வந்ததும் நேராகவே சொன்னேன்: “ஒரு வாரம் லீவு போடுங்க. போனும் எடுக்கக்கூடாது.”

“பட்டாளத்துலயே சரியா லீவு எடுக்காதவன் நான்!”

காபி கொண்டுவந்த அவர் மனைவி அங்கேயே முடிவு கட்டினார். “கோயம்புத்தூருக்குப் போவோம். மகளப் பாத்து எம்புட்டு நாளாச்சு!”

திங்கட்கிழமை, பிள்ளையைப் பிரிவதுபோல் சாவிக்கொத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். மறுநாள் நான் சேத்தூர் மையத்துக்குப் போனேன். எதிர்த்த டீக்கடையில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஊருக்கே அது யாரென்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் விறுவிறுவென்று சாலையைக் கடந்து போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“அண்ணே, கோயம்புத்தூரு இங்கயா இருக்கு?”

“இல்லத்தா… பஸ்ஸு சாயங்காலந்தான். செத்த நேரம் பாத்துட்டுப் போலாம்னு…”

“பாத்தாச்சுல்லா? டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. அண்ணி காத்துக்கிட்டு இருப்பாவ.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வாடியிருந்தது. “நான் இல்லாமலே நடக்குதே மேடம்” என்றார். “அதுக்குத்தான இம்புட்டு வருசமாப் பாடுபட்டிய?” என்றேன். அவர் வண்டியை உதைத்துக் கிளம்பினார். எனக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே அவள் தேவதானம் மையத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினாள். முதல் நாள் நானும் போயிருந்தேன். வேலை முடிந்த தாய்மார்கள் சேலையில் ஒட்டிய மண்ணோடு அப்படியே வந்தார்கள். ஒரு சிறுமியைத் தினமும் பக்கத்து வீட்டுக்காரிதான் தூக்கிவருவாள். அன்றைக்குத்தான் பெற்றவள் முதன்முதலாக வந்திருந்தாள். மகள் நடை பழகும் இரட்டைக் கம்பியைப் பிடித்து அடிமேல் அடி வைத்து வருவதைப் பார்த்ததும், “ஏட்டி, நீயாட்டி நடக்குத!” என்று கத்திவிட்டாள். அறையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினோம்.

லீவு முடிந்து வந்தவர் விஷயம் கேள்விப்பட்டுக் கோபப்பட்டார். “என்னக் கேக்காம நேரத்த மாத்திருக்க.”

“ஆமாண்ணே. நீங்க போன் எடுக்கக்கூடாதுல்லா?”

அவர் அவள் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு, “சாயங்காலம் நானும் வாரேன்” என்றார். வந்தார். அந்தத் தாய் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் மகள் நடப்பதைக் காட்டினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் திரும்பி, “இங்க நான் என்ன செய்யணும், சொல்லு” என்றார்.

“அந்த ஓரத்துல பாய விரிங்கண்ணே.”

சுருக்கமே இல்லாமல், பட்டாளத்துக்காரர் விரிக்கிற மாதிரியே விரித்தார்.

இப்போது இரண்டு மையங்களும் அவள் பொறுப்பு. அவர் வத்திராயிருப்புப் பக்கம் மோட்டார் சைக்கிளில் சுற்றி, வீடு வீடாகப் பெற்றோரைப் பார்த்துப் பேசுகிறார். அந்தக் கலை அவருக்குக் கைவந்தது. பிளவக்கல் அணைக்கு அருகே மூன்றாவது மையம் திறந்த அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். விழா முடிந்ததும் அணைப் பக்கம் போய், பொரித்த மீன் வாங்கி, மர நிழலில் உட்கார்ந்து எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம்.