தானாகக் கழன்ற குழாய்

குழாய் வாய் பிளந்து கிடந்தது. சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய், நுனி தீயில் கருகிக் கோணியிருந்தது. அதிலிருந்து கொட்டிய தண்ணீர் எங்கள் கரும்புக்குள் சுகமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் மேட்டுக்காட்டில் அத்தை நட்டிருந்த குச்சிக்கிழங்கு, மரவள்ளிதான், இலை சுருண்டு நின்றது. அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அத்தையிடம், "தானா கழண்டுக்கிச்சு அம்மிணி, நா என்ன பண்ணட்டும்?" என்றார். குரலில் வருத்தம்கூட இருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் கடப்பாரை குத்திய பள்ளம் ஈரம் காயாமல் இருந்தது. அப்பாவின் காலிலும் அதே சேறு. என் அப்பா அவ்வளவு நல்ல நடிகர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. சங்ககிரியில் லாரி வைத்திருந்த கணவரிடம் அடிபட்டது போதும் என்று ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் அப்படி வந்து நிற்பது சின்னக் காரியம் இல்லை. தாத்தா சாவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, மேட்டுக்காட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டார். பொதுக்கிணற்றில் தண்ணீர் முறையும் உண்டு என்றார். பெரியவர்கள் சும்மா விடுவார்களா? முதல் வெள்ளாமையை எடுத்துக் காட்டட்டும், முடியாவிட்டால் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கட்டினவன் வீட்டுக்கே போய்விட வேண்டும் என்று ஒரு வால் சேர்த்தார்கள். ஆக, அந்தக் கிழங்கு காய்ந்தால் அத்தை மறுபடியும் அடிவாங்கப் போக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

அத்தைக்குத் தண்ணீர் முறை கிடையாது என்று அப்பாவால் வாய்விட்டுச் சொல்ல முடியாது, ஊர் கேட்கும். அதனால் குழாய் கழன்றது. அப்போதுதான் எங்கள் காடுகளுக்கு பிளாஸ்டிக் குழாய் வந்துகொண்டிருந்தது. தென்னை ஓலையைக் கொளுத்தி, நுனியைத் தீயில் வாட்டி இளக்கி, அடுத்த குழாயை அதற்குள் திணித்து, மேலே கிழித்த சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டுவார்கள். சொல்யூஷன் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், அது வியாபாரத் தந்திரம் என்பார்கள். அந்த இணைப்பு மோட்டார் வேகத்தில் சில சமயம் உண்மையாகவே பிடுங்கிக்கொள்ளும். அப்பாவுக்கு அந்தச் 'சில சமயம்' போதுமானதாக இருந்தது. அத்தையின் முறை வரும்போதெல்லாம் குழாய் கழன்றது. அப்பாவுடைய முறையில் ஒருநாளும் கழன்றதில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர்கள் அப்பாவுக்குத் தூபம் போட்டார்கள். "இன்னைக்குத் தங்கச்சிக்கு உட்டீங்கன்னா, நாளைக்கு உங்க பொண்ணும் பொட்டியத் தூக்கிட்டு வந்து நிக்குமுங்க" என்று ஒருவர் என் எதிரிலேயே சொன்னார். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தவள். வந்து நின்றால் என்ன என்று எனக்குள் சுருக்கென்றது. அதுவரை அத்தையைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவர் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

அத்தை அழவில்லை, ஊரைக் கூட்டவும் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறினார். பைப் கடையில் குழாய் அறுக்க ஆக்சா பிளேடும் தேய்க்க உப்புத்தாளும் இணைப்புக்கான கப்ளிங்குகளும் வாங்கினார். கூடவே இரண்டு டப்பாக்கள். ஒன்றில் தண்ணீராக ஓடும் பிரைமர். அது குழாயின் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்து மேல்தோலை இளக்கிவிடும். இன்னொன்றில் தேன் பதத்தில் சொல்யூஷன். இளகிய இரண்டு தோலையும் அது கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபிறகு பிரிக்கவே முடியாது, அறுக்கத்தான் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அத்தை இரண்டாம் முறையும் கேட்டு உறுதிசெய்துகொண்டார். "பிரைமர யாருமே கேக்கறதில்லீங்க, வெறும் சொல்யூஷனே போதுமுங்க" என்றார் கடைக்காரர். "எனக்கு ஒட்டுனா ஒட்டுனதாவே இருக்கோணும். ரெண்டையும் குடுங்க" என்றார் அத்தை.

வேலையைப் பட்டப்பகலில், ஊர் போகும் பாதை ஓரத்தில், எல்லாரும் பார்க்கும்படிதான் அத்தை செய்தார். கருகிய நுனிகளை நேராக அறுத்துத் தள்ளினார். பிசிறைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் தோய்த்த துணியால் துடைத்தார். பிறகு குழாயிலும் கப்ளிங்கிலும் சொல்யூஷனைத் தடவி உள்ளே அழுத்தினார். வெயிலில் அது சட்டென்று இறுகும், நெடி மூக்கைத் துளைக்கும். ஆனால் நீளக் குழாயை ஒற்றை ஆளாகத் திணிக்க முடியாது. ஒருவர் திருகி அழுத்தும்போது மறுபக்கம் இன்னொருவர் முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் குழாய் பின்வாங்கி வெளியே வந்துவிடும். அத்தையின் கைக்குள்ளிருந்து அது நழுவி நழுவி வந்தது. பாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்தேன். பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா, "நீ இரு சாமி" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தார்.

அண்ணி முறைக்கு அம்மாவை அத்தை 'நங்கை' என்றுதான் கூப்பிடுவார். "வேண்டாங்க நங்கை, அண்ணன் பாத்துட்டு நிக்கறாருங்க" என்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "பாக்கட்டும். எந்தப் பக்கம் புடிக்கோணும், அதச் சொல்லு அம்மிணி." இரண்டு பெண்களும் எதிரெதிரே குத்தவைத்து, குழாயின் இரு பக்கத்தையும் மாரோடு அணைத்துக்கொண்டு, விடவும் முடியாமல் அசையவும் முடியாமல் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கிணற்று மேட்டில் நின்று பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. பெருமையில்தான் வந்தது.

மறுநாள் விடிந்ததும் அப்பா கடப்பாரையோடு போனார். இணைப்பில் காலை வைத்து நெம்பினார், அசையவில்லை. இன்னொன்றில் நெம்பினார், அதுவும் அசையவில்லை. அத்தை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்துபோய் ஆக்சா பிளேடை அப்பா கையில் கொடுத்தார். "கழட்ட வராதுங்ணா. அறுத்தாத்தான் உண்டு. தாராளமா அறுத்துக்கங்க. ஆனா ஊர்ல கேட்டா, தானா கழண்டுக்கிச்சுன்னு சொல்லாம, நாந்தான் அறுத்தேன்னு உங்க வாயாலயே சொல்லிப்போடுங்க." அப்பா பிளேடைக் குழாய்மேல் வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார், பிளாஸ்டிக் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. பாதையில் பால் கொண்டுபோகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அப்பா பிளேடைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

அத்தை வெள்ளாமை எடுத்தார். திரும்பிப் போகவில்லை. இன்றும் அந்தக் காட்டில் தான் கட்டிய வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் கல்யாணம் காட்சி என்று கூடினால் உறவுக்காரர்கள் இன்னும் அவரைத்தான் குறை சொல்கிறார்கள். பிடிவாதக்காரி, அண்ணன் தங்கை உறவை அறுத்தவள் என்கிறார்கள். "பழசையெல்லாம் எதுக்குக் கிளறற?" என்று என்னிடமும் சொல்வார்கள். கிளறத்தான் செய்வேன். அப்பாமீது எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அதற்காக அவர் செய்ததைக் காற்று செய்தது, மோட்டார் செய்தது என்று சொல்ல என்னால் ஆகாது. இவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் சொல்வது, அப்பா பிளேடைக் கீழே போட்ட அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான்.

அது அத்தையின் முறை. மோட்டாரைப் போட வேண்டிய அப்பா கட்டிலைவிட்டு எழவே இல்லை. திடீரென்று வீட்டை அடுத்த கிணற்றுப் பக்கம் மோட்டார் உறுமியது. மேட்டுக்காட்டிலிருந்து அத்தை ஏதோ கூவுவது கேட்டது, தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் இருக்க வேண்டும். அப்பா துள்ளி எழுந்து, "எவன்டா மோட்டாரப் போட்டது?" என்று கத்தினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நிமிர்ந்து பேசியிராத என் அம்மா, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நாந்தானுங்க போட்டேன்."